எறும்பின் சாட்சி

மலைப்பாதையில் மோட்டார் பஸ் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் மீராசாஹிப்பின் புடவைக்கடையைவிட, அதற்குள் கிடந்த பிரம்பு நாற்காலிதான் பிரசித்தம். காலையில் அதில் சாய்ந்தாரானால் தொழுகைக்கும் சோற்றுக்கும் மட்டுமே எழும்புவார். கைக்கெட்டிய முழக்கோலைக்கூட யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். இதே மனிதர்தான் முப்பது வருஷம் துணிப் பொட்டணியைத் தோளில் சுமந்து, றப்பர்த் தோட்டங்களில் கூலிகள் குடியிருந்த லயம் லயமாக ஏறி இறங்கிச் சேலை விற்றவர். அறுபதை நெருங்கியபோது கடை வந்தது, நாற்காலி வந்தது, தொப்பையும் வந்து சேர்ந்தது.

"நடக்கவேண்டியதெல்லாம் நடந்து முடிச்சிட்டேன்" என்பார் பெருமையாக.

அப்புறம் எறும்பு வந்தது. கொல்லையில் அவர் சிறுநீர் கழிக்கும் இடத்தில் காலைதோறும் சாரிசாரியாக மொய்த்தது. மனைவி றஸ்மியா அதைக் கண்டு பயந்துபோனாள். மீராசாஹிப்பின் அண்ணன் நீரிழிவில் காலை இழந்து, மௌத்தாகி அடக்கமானவர். அந்த வீட்டுக் கொல்லையிலும் இதே எறும்பை அவள் பார்த்திருந்தாள்.

அன்றைக்கே சீனியும் கித்துள் கருப்பட்டியும் அலுமாரிக்குள் போயின. சாவி அவள் இடுப்பில் ஏறியது. சோறு பாதியானது. பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. மீராசாஹிப் முகத்தைச் சுளித்துக்கொண்டே வெறும் தேத்தண்ணி குடித்தார். ஆனால் சத்தியமாகக் கள்ளத்தனம் பண்ணவில்லை. மாதம் ஒன்றாகியும் எறும்பு அசையவில்லை.

"கடையில ஒளிச்சு வச்சித் திங்கிறீங்க."

"அல்லாஹ் அறிய ஒண்டும் திங்கல்ல புள்ள!"

"அப்ப எறும்பு பொய் சொல்லுதா?"

துணிக்கட்டுகளை எல்லாம் உதறிப் பார்த்தாள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவள் தன் சொல்லை விட்டுவிட்டு எறும்பை நம்புகிறாளே என்று அவர் மனம் நொந்துபோனது.

மறுநாளே தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா சிறிலிடம் நியாயம் கேட்கப் போனார். சிறில் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமானது; சீனி இருப்பது உறுதி.

"பொட்டணி தூக்கின காலத்துல லயத்துக்கு லயம் சீனித் தேத்தண்ணி குடிச்சேன். அப்ப வராத நோய், பட்டினி கிடக்கிற நேரத்துல ஏன் வருது?"

"அப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீங்க நானா?"

"எட்டு மைல், பத்து மைல்."

"இப்ப?"

மீராசாஹிப் தாடியைத் தடவினார். தொழப் போகும் பள்ளிவாசல்கூடக் கடைக்கு நேரெதிரேதான் இருந்தது.

"வயசும் தொப்பையும் ஏறுனா ஒடம்பு இனிப்ப முந்தி மாதிரி செலவழிக்காதுங்க. வாயக் கட்டுனீங்க, சரி. கால அவுத்து விடுங்க."

செருப்பு மாட்டிக்கொண்டு, சின்னப் பொட்டணியோடு மறுபடி மலையேறினார். முதல் வாரம் மூச்சு வாங்கியது. லயத்து மரியாயி தேத்தண்ணி நீட்டினாள். வேண்டாம் என்றால் அவளுக்கு மனத்தாங்கல். "சீனி போடாமத் தா தங்கச்சி" என்று வாங்கிக் குடித்தார். லயத்தில் தேத்தண்ணி குடிக்கிறார் என்ற சேதி எட்டியதும் றஸ்மியாவின் சந்தேகம் இரட்டிப்பானது. தினமும் கொல்லைக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, வெகுநேரமாகியும் அவள் திரும்பி வரவில்லை. மீராசாஹிப் போய்ப் பார்த்தார். ஒரு எறும்புகூட இல்லாமல் தரை வெறுமையாகக் கிடந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களச் சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சிக்கோங்க" என்று அலுமாரிச் சாவியை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள்.

 மீராசாஹிப் சாவியைப் பார்த்தார். உள்ளே இருக்கும் கருப்பட்டி நினைவுக்கு வந்தது. சட்டென்று சாவியை அவள் கையிலேயே திணித்தார்.

"நீயே வச்சிக்க புள்ள. எனக்கு என்மேல அவ்வளவு நம்பிக்கை இல்ல."