கடக ரேகைக்கு மேலே ஒரு புள்ளி

சிவப்பு மை ஓட்டத்தின் முதல் தாளை உருவிப் பார்த்த இப்ராஹிம் பாய், மெஷினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். நல்ல செய்தி சொல்வதற்காக மெஷினை நிறுத்துகிற மெஷின்மேன் உலகத்திலேயே கிடையாது.

"வரதா, இங்க வா. என்னப்பா இது, நடுக்கடல்ல ராணுவம் நிக்குது? தண்ணியிலயா படுத்துத் தூங்குறானுங்க?"

அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். ஆசிய வரைபடத்தில், ஜப்பானுக்குத் தென்கிழக்கே பசிபிக் கடலில், கடக ரேகைக்குக் கொஞ்சம் மேலே, சின்னதாக ஒரு சிவப்பு முக்கோணம். பக்கத்தில் ஒன்பது என்று ஓர் எண். முக்கோணம் போட்ட இடமெல்லாம் ராணுவத் தளம் என்று படத்தின் அடியில் குறிப்பு இருந்தது. தளம் இருந்தது, அது இருக்க வேண்டிய தீவைக் காணோம். சுற்றிலும் நீலம். அந்தத் தீவை அழித்தவன் நான்தான் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது.

நடந்தது எழுபத்தாறு, எழுபத்தேழு வாக்கில். திருச்சியில் காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் நான் ரீடச்சர். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருவேன். முன்பு வேலை பார்த்த, அச்சுக்குப் பட பிளாக் செய்து தரும் கடையை மூடிவிட்டதால் இங்கே வந்திருந்தேன். "ஆறு மாசம் பாக்கறேன், கை சுத்தமா இருந்தா நிரந்தரம்" என்று முதலாளி ராமநாதன் சொல்லியிருந்தார். ஐந்து மாதம் ஓடியிருந்தது. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். எனக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான்.

ரீடச்சர் வேலையை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வரைபடத்தைக் கேமராவில் பிடித்தால் கறுப்பு ஃபிலிமில் கோடுகளெல்லாம் கண்ணாடிபோலத் தெளிவாக வரும். அதுதான் நெகட்டிவ். கேமராக் கண்ணாடியில் தூசி இருந்தால் அதுவும் ஊசி குத்தியதுபோல ஓட்டையாக விழும். அதற்குப் பெயர் பின்ஹோல். விட்டுவைத்தால் அச்சில் கறுப்புப் புள்ளியாக வரும். நெகட்டிவை லைட் டேபிளில் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் ஓபேக் என்ற செங்காவி மையைத் தொட்டு ஒவ்வொரு ஓட்டையையும் அடைப்பேன். அச்சகத்திலேயே கை வேகம் எனக்குத்தான் என்று ஒரு கர்வமும் இருந்தது.

அந்த ஆசியப் படம் ஸ்டெல்லா டீச்சர் வரைந்தது. மேலப்புதூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்தியவர். பல பள்ளிகளுக்குச் சேர்த்து இரண்டாயிரம் சுவர்ப்படம் கேட்டிருந்தார். நிறத்துக்கு ஒன்றாக மூன்று தாளில் அவரே வரைந்து கொண்டுவந்தார். கடலுக்கு நீலம், கரைக்கும் பெயர்களுக்கும் கறுப்பு, தளங்களுக்கும் அடியில் அவற்றின் பட்டியலுக்கும் சிவப்பு. ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு கறுப்பு நெகட்டிவில் கீறல் விழ, புதிதாக ஒன்று எடுத்தோம். புது நெகட்டிவில் கடல் முழுக்கத் தூசி. கையெழுத்தான ப்ரூஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஓபேக் வைக்க வேண்டும் என்பது அச்சகத்துப் பழக்கம். நான் வைக்கவில்லை. கடலில் என்ன இருக்கப்போகிறது என்று சரசரவென்று அடைத்துக்கொண்டே போனேன். நாற்பது ஓட்டை அடைத்ததில் ஒன்று ஜப்பானுடையது.

நீலமும் கறுப்பும் இரண்டாயிரம் தாளிலும் ஓடி முடிந்திருந்தன. முதலாளி வந்தார். பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பாய், சிவப்புப் பிளேட்டுல அந்த முக்கோணத்தைக் கல்லால தேச்சு எடுத்துடுங்க. கீழ லிஸ்ட்ல ஒன்பதாம் நம்பர் வரியையும் எடுத்துடுங்க. தீவும் இல்ல, தளமும் இல்ல. முடிஞ்சுது."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது. வரியை எடுப்பதற்கு முன் எழுத்துச் சரிபார்க்க ப்ரூஃபைக் கொண்டுவரச் சொன்னார் பாய். ஆணியிலிருந்து கழற்றி விரித்தேன். முழுப் படத்திலும் டீச்சர் பென்சில் வைத்திருந்தது ஒரே இடத்தில். அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் பொடி எழுத்தில்: 'தூசி அல்ல. தயவுசெய்து விட்டுவிட வேண்டாம்.'

கையெழுத்துப் போட வந்த அன்று அவர் அந்தத் தீவைப் பற்றி என்னிடம் பேசியிருந்தார். மினாமி தோரிஷிமா என்று பெயர். ஜப்பானின் கிழக்கு எல்லை அதுதான். சுற்றி நடந்தால் ஒன்றரை மணி நேரம். நம் ஸ்ரீரங்கத் தீவில் ஒரு மூலைக்குக் காணாது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பான்காரன் அங்கே விமானத்தளம் வைத்திருந்தான், அமெரிக்காக்காரன் குண்டு போட்டான், போர் முடிந்ததும் தீவைத் தானே வைத்துக்கொண்டான். அறுபதுகளின் கடைசியில்தான் திருப்பிக் கொடுத்தான். கொடுத்த பிறகும் அவனுடைய ரேடியோ கோபுரம் ஒன்று அங்கே நிற்கிறது.

"இப்ப அங்க குடும்பம்னு ஒண்ணு கிடையாது தம்பி" என்றார் டீச்சர். "சிப்பாய், வானிலை ஆபீஸ்காரங்க, அவ்வளவுதான். எங்க ஊருன்னு அதுக்காகப் பேச ஒருத்தரும் இல்ல. மேப்புலயாவது இருக்கட்டும்."

நான் அப்போது தலையாட்டினேன். மனசில் வாங்கவில்லை. இப்போது அந்தப் பென்சில் வட்டத்தைப் பார்த்ததும் முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. கச்சத்தீவைக் கொடுத்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. "சின்னத் தீவுதானே" என்று யாராவது சொன்னால் டீக்கடையில் முதலில் சண்டைக்குப் போகிறவன் நான். இங்கே பிரஷ்ஷால் ஒரு தீவை முழுங்கிவிட்டு, கூட ஒரு முக்கோணத்தையும் முழுங்கப் பார்க்கிறேன்.

பாய் கல்லைக் கையில் எடுத்துவிட்டார்.

"பாய், கல்லை வைக்காதீங்க. சார், முக்கோணம் இருக்கட்டும். நான் புள்ளியை வச்சுடறேன்."

"எதுல வைப்ப? கறுப்பை நாலாவது ஓட்டம் விடவா? மழை ஈரத்துல தாள் எவ்வளவு நீண்டிருக்குன்னு உனக்குத் தெரியாதா? புள்ளி சீனாவுல போய் விழும்."

"கையால வைக்கறேன் சார்."

"ரெண்டாயிரத்துலயுமா?"

"ரெண்டாயிரத்துலயும்."

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் சொந்த நேரத்துல வை. டெலிவரிக்குப் பன்னண்டு நாள் இருக்கு. வேஸ்டேஜுக்குன்னு போட்ட தாளுக்கு மேல ஒண்ணு கெட்டாலும் நீ வீட்லயே இருந்துக்கலாம். இன்னொண்ணு, டீச்சர் காதுக்கு இது போகக் கூடாது."

சிவப்பு அன்றே ஓடியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் அச்சகத்தில் இருந்தேன். கழித்துப்போட்ட ஃபிலிம் ஒன்றில் கடக ரேகையையும் ஒரு தீர்க்கரேகையையும் கீறி, தீவின் இடத்தில் ஊசியால் துளையிட்டு அச்சு ஒன்று செய்தேன். தாளை எடு, ஃபிலிமைக் கோட்டோடு கோடு பொருத்து, துளை வழியாக வரைபேனாவை ஒருமுறை தொடு, தாளைக் காயப் போடு. கேட்க எளிதாக இருக்கிறது. முதல் நாள் நூறைத் தாண்டவில்லை. பேனா அடைத்துக்கொண்டது, கை பழகவில்லை. ஒரு தாளில் மை சொட்டி, சற்றுத் தள்ளி நடுக்கடலில் நானே ஒரு புதுத் தீவை உண்டாக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் கை படிந்துவிட்டது. இருநூறு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்தேன். பாய் அன்றைக்கு வரவேண்டிய அவசியமே இல்லை. வந்தார். எதிரே நின்று தாள் தாளாக எடுத்துக் கொடுத்தார். "எனக்கு ஏன்பா இந்தத் தலைவலி" என்று மட்டும் மணிக்கு ஒருமுறை சொன்னார். பதினோராம் நாள் காலை கடைசிப் புள்ளி வைத்தேன். கெட்டது பதினாலு தாள். வேஸ்டேஜுக்குள் அடங்கியது. எழுந்து நின்றால் முதுகு நிமிரவில்லை, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையையும் முடித்ததில்லை.

டெலிவரி அன்று ஸ்டெல்லா டீச்சர் வந்தார். கட்டின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவினார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, நேரே அந்த இடத்துக்குத்தான் போனார். புள்ளி இருந்தது. முகம் மலர்ந்தது. முதலாளி என்னைப் பார்த்து, வாயைத் திறந்தால் தொலைந்தாய் என்று கண்ணாலேயே சொன்னார்.

நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். அப்போது டீச்சர் சொன்னார்: "எங்க பியூன் மேப்பையெல்லாம் வாராவாரம் ஈரத்துணியால துடைச்சு வச்சிடுவாரு. நல்ல தாளா இருக்கு, தாங்கும்."

அச்சு மை தாங்கும், என் பேனா மை தாங்காது. முதல் வாரமே தீவு துணியோடு போய்விடும். முக்கோணம் மறுபடியும் நடுக்கடலில் நிற்கும்.

"டீச்சர், அந்தப் புள்ளி மட்டும் அச்சுல வந்தது இல்ல. நான் தப்பா அழிச்சுட்டேன். அப்புறம் கையால வச்சேன். ஈரம் பட்டாப் போயிடும்."

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. நாக்கில் விரலைத் தொட்டு அந்தப் புள்ளியின் மேல் வைத்து எடுத்தார். விரல் நுனியில் கறுப்பு ஒட்டியிருந்தது.

"எல்லாத்துலயும் இப்படியா?"

"எல்லாத்துலயும்."

"எத்தனை நாள் வச்சீங்க?"

"பதினோரு நாள் டீச்சர்."

விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். "மேல வார்னிஷ் அடிச்சுக் குடுங்க சார். அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன். இந்த ஒரு தாளை மட்டும் மாத்திடுங்க, நான் கெடுத்துட்டேன்."

அவர் போனதும் முதலாளி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் பேசவில்லை. வேலை போயிற்று என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு பெரிய சர்வே மேப்பின் நெகட்டிவ் வந்தது. எல்லாம் வயல் எல்லைகள், பொடிப் பொடி எண்கள். யாரிடம் கொடுப்பது என்று பாய் கேட்டார்.

முதலாளி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "வரதன்கிட்ட குடுங்க. ஒரு புள்ளியை அடைக்க மத்தவனுக்கெல்லாம் கை நடுங்காது."

அதற்கு மேல் எனக்கு நிரந்தரம் என்று ஒரு காகிதம் வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் அங்கேயே வேலை பார்த்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: அழிக்கும் முன்னால் ப்ரூஃபைப் பாருங்கள், அழித்துவிட்டால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.