முள் நகராத நாள்

பெட்டியின் கேன்வாஸ் பட்டை என் இடது தோளை அறுத்துக்கொண்டிருந்தது. ராணுவ லாரிகள் நிற்கும் டெப்போவை விட்டு வெளியே வந்து, செம்பூரை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். காலையில் உள்ளே போகும்போதும் அதே பெட்டிதான், அதே தோள்தான். அப்போது இப்படிக் கனக்கவில்லை. மேடம் எனக்கு முன்னால், சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றைப் பார்த்துப் பார்த்து நடந்தார்.

மேடம் மாதுங்காவில் பிறந்து வளர்ந்த இன்ஜினியர். நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு, செம்பூரில் ஒரு தகர ஷெட் பிடித்து இந்தப் பெட்டியைச் செய்துகொண்டிருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஊரைவிட்டு தாராவிக்கு வந்து தகர வேலை பழகி, எங்கும் நிலைக்காமல் சுற்றியவன். பெட்டிக்கு அலுமினியக் கூடு அடிக்கப் போன இடத்தில் தங்கிவிட்டேன். இரவில் ஷெட்டிலேயே படுக்கை. மழை ஒழுகினால் பாயை நகர்த்திக்கொள்வேன். வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன; என் வழக்கத்துக்கு அதுவே நீண்ட காலம். மறுநாள் சூரத் வண்டி ஏறிவிடுவதாக இருந்தேன். மேடத்திடம் சொல்லவில்லை.

பெட்டியின் வேலை எளிது. எதிரெதிரே இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் இன்ஜின் ஆயில் சில சொட்டு. புது ஆயில் என்றால் பெட்டியின் முகப்பில் உள்ள முள் இடது ஓரத்தில் நிற்கும். ஆயில் கெடக் கெட, கரியும் தண்ணீரும் சேரச் சேர, வலது பக்கம் நகரும். மலை மேல் மாதக்கணக்கில் நிற்கும் ராணுவ லாரியின் ஆயிலைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினால், பதில் வருவதற்குள் இன்ஜின் போய்விடும். லாரியின் பக்கத்திலேயே நின்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் மேடத்தின் பிடிவாதம்.

அன்று காலை டெப்போவில் வரிசையாக நின்ற ஒவ்வொரு லாரியிலும் ஆயில் எடுத்தோம். எந்த லாரிக்கும் முள் அசையவில்லை. கூட வந்த அதிகாரி ஆயிலை விரலில் தொட்டு மேடத்தின் முகத்துக்கு நேரே காட்டினார். கன்னங்கரேலென்று இருந்தது. இதையா உங்கள் பெட்டி புது ஆயில் என்கிறது, முள் தூங்குகிறதா என்று இந்தியில் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு தடவை வரலாம், அதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பிவிட்டார். நடக்கும்போது எனக்கும் பெட்டி மேல் நம்பிக்கை போயிருந்தது.

சாலையோர டீக்கடையில் நின்றோம். டெப்போவுக்குள் எங்களுக்கு லாரிகளின் பானெட்டைத் திறந்துவிட்ட டிரைவர் சைக்கிளில் வந்து இறங்கினார். வேலூர்ப் பக்கத்துக்காரர்.

“இன்னா மேடம், நம்ம வண்டிங்க எல்லாம் பாஸா?”

“வண்டி பாஸ். நாங்கதான் ஃபெயில்,” என்றார் மேடம்.

“வண்டி எப்படி ஃபெயிலாவும்? இன்ஸ்பெக்‌ஷன்னு சொன்னதும் நேத்தே எல்லாத்துக்கும் புது ஆயில் ஊத்தி, ஒரு ரவுண்டு ஓட்டியும் வச்சிட்டோம். யூனிட் மானம் இருக்குதுல்ல!”

மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். டீசல் இன்ஜினில் புது ஆயிலை ஊற்றி ஓட்டினால், உள்ளே மிச்சமிருக்கும் கரி சேர்ந்து உடனே கறுத்துவிடும். கண்ணுக்குத்தான் அது கெட்ட ஆயில். முள் உண்மையைச் சொல்லியிருக்கிறது.

டிரைவர் போனதும், “வாங்க மேடம், திரும்பிப் போயி அந்த ஆபீசர்ட்ட சொல்லுவோம்,” என்றேன்.

“சொன்னா இந்த டிரைவர் பையன் மாட்டிப்பான். அதோட, நல்லதை நல்லதுன்னுதானே நம்ம பெட்டி சொல்லிருக்கு? கெட்டதைக் கெட்டதுன்னு சொல்லுமான்னு கேட்டா என்னத்தைக் காட்டறது? ஓடித் தேஞ்ச ஆயில் வேணும். யாரும் நமக்காக மாத்தி வைக்காத ஆயில்.”

“குர்லால லாரி செட்டுல வேலைக்குச் சேந்தா தெனமும் கெடைக்கும்.”

“யாரு சேரறது? நீயா? ஒரு இடத்துல ஒரு மாசம் உக்காந்திருக்கியா நீ?”

“உக்காரச் சொன்னாத்தானே கஷ்டம். இது படுத்துக்கிட்டுப் பாக்குற வேலை மேடம்.”

அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது சில லாரிகளில் ஆயில் மாற்றும் நேரத்தை லாரியே விளக்கு எரிந்து சொல்லிவிடுகிறது. டிரைவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டிப் போவதைப் பார்க்கும்போது, ஒரு முள் அசைய வேண்டும் என்று நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வரும். இடது தோளைத் தடவிக்கொள்வேன்.

அன்றைக்கு மறுநாள் காலை நான் சூரத் போகவில்லை. குர்லாவில், தென்காசிப் பக்கத்து பாய் ஒருவர் லாரிகளைப் பழுதுபார்க்கும் செட்டில் ஆயில் மாற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் லாரியின் அடியில் படுத்து, வடியும் ஆயிலில் கொஞ்சத்தைச் சீசாவில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். நான் இடம் சொல்லியிருந்தபடி, செட்டின் வாசலில் மேடம் நின்றார். பெட்டியைத் தாமே சுமந்து வந்திருந்தார். பட்டை அவர் தோளில் பதிந்திருந்தது.

“என்னல இது, வண்டிக்கு வைத்தியம் பாக்க டாக்டரம்மாவக் கூட்டியாந்துருக்க?” என்றார் பாய்.

மேடம் என் கையிலிருந்த சீசாவை வாங்கினார். தகடுகளுக்கு நடுவே சொட்டு விட்டார். முள் ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல வலது பக்கம் நகர்ந்தது.

“ஒண்ணு ஆச்சு,” என்றார்.

நான் அடுத்த லாரிக்கு அடியில் போனேன்.