பிரேக் அக்கா மலைக்கு நடந்த கதை

எங்கள் தெருக்கோடியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவரை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமல்லவா, அதன்மேல் வருஷக்கணக்காகக் கால் வைத்து வைத்து, அக்காவின் வலது கால் அவர் பேச்சையே கேட்காமல் போய்விட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் ஒரு லாரி குறுக்கே வந்தால்கூட அந்தக் கால் தரையை ஓங்கி மிதிக்கும். கீழ்வீட்டுக்காரர்கள், "மேல ஏதோ ஆக்சிடென்ட் போல" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா நடக்கவே மாட்டார். பால் வாங்க எதிர்ச்சாரிக் கடைக்குக்கூடக் காரில்தான் போவார். அவர் காரைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் கடைக்காரர் பாலை எடுத்துவந்து வாசலில் நிற்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலை டீ குடிக்கும்போது கணவரிடம், "நான் மலைக்கோயிலுக்குப் போறேன்" என்றார். "மருந்துக்கடை அண்ணன் வருஷா வருஷம் ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறாரே, அவங்களோட."

கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கொஞ்ச காலம் முன்னால் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்து, அப்போதுதான் தேறி மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்.

"அவங்க நடந்துல்ல போவாங்க?"

"நானும் நடந்துதான் போறேன்."

கணவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏன், கார் ரிப்பேரா?"

"உடம்பு இளைக்கணும்ங்க" என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய்விட்டார்.

நடப்பதற்கென்று ஷூ வாங்கப் போனார், காரில்தான். விரல் நெருக்குகிறதே என்று சொன்னதற்கு, "போடப் போட விட்டுக்கொடுக்கும்மா" என்றான் கடைப்பையன். அக்காவும் நம்பிவிட்டார். காலுக்கும் ஷூவுக்கும் நடந்த போட்டியில் கடைசிவரை விட்டுக்கொடுத்தது கால்தான்.

பயிற்சிக்கு வேறெங்கும் போகவில்லை. கார் கற்றுக்கொடுக்கிற அதே மைதானத்தில், எட்டுப் போடுவதற்காக நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே சாயங்காலம் நடந்தார். திரும்பும் இடத்தில் தன்னையறியாமல் கையை நீட்டி சிக்னல் காட்டுவார். ஒருநாள் பின்னோக்கியும் நடந்து பார்த்தார். ஒரு கம்பு சாய்ந்தது. மாணவர்கள் பார்த்துவிட்டார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கிளம்பும் நாள் வந்தது. கூட்டத்துக்குத் தலைவர் மருந்துக்கடைக்காரர். கழுத்தில் விசில், தலையில் தொப்பி. "தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க! தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே குடிக்கணும்!" என்று அவர் சொல்லாத திருப்பமே இல்லை. மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு பின்னால் ஒரு வேன் வந்தது. அதை ஓட்டியவர் அக்காவின் பழைய மாணவர். மீசை நரைக்கத் தொடங்கிய ஆள். கற்றுக்கொண்ட காலத்தில் கியரே போடாமல் ஆக்ஸிலேட்டரை மிதித்து, வண்டி ஏன் நகரவில்லை என்று கேட்டதால், அவருக்கு நியூட்ரல் என்று பெயர் நிலைத்துவிட்டது. லைசென்ஸ் வாங்குவதற்குள் அக்காவுக்கும் அவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

அக்கா நடந்தது சாலையைப் பார்த்து அல்ல, வேனைப் பார்த்துத்தான். "தம்பி, ஓரமா எடு! ஹாரன் எதுக்கு, எங்களைப் பயமுறுத்தவா?" என்று வழியெல்லாம் திட்டு. நியூட்ரல் ஜன்னலை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

மலையடிவாரம் வருவதற்குள் அக்காவின் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். பஞ்சு சுற்றி, ஷூவின் பின்பக்கத்தை மடக்கிச் செருப்பாக்கிப் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக நொண்டினார். "வேன்ல ஏறிக்கங்கம்மா, யார் பார்க்கப் போறாங்க?" என்றார் மருந்துக்கடைக்காரர். "நான் பார்ப்பேன்ல அண்ணே" என்றார் அக்கா.

மலைப்பாதையில் வெயில் ஏறியது. ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டியதும், எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்த மருந்துக்கடைக்காரர் தான் குடிக்க மறந்து, விசிலை வாயில் வைத்தபடியே சுருண்டு விழுந்தார். தூக்கி வேனில் படுக்க வைத்தார்கள். ஆஸ்பத்திரி கீழே ஊரில் இருந்தது. நியூட்ரலின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இந்த இறக்கத்துல அவசரமா ஓட்டினதே இல்ல. நீங்க பக்கத்துல உக்காந்தாத்தான் என்னால முடியும்."

அக்கா ஒரு நொடி சாலையைப் பார்த்தார். நடந்து வந்த அவ்வளவு தூரமும் கண்முன் போனது. அப்புறம் கதவைத் திறந்து ஏறினார்.

வேன் இறங்கியது. அக்காவின் கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது, அங்கே பிரேக் இல்லாவிட்டாலும். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி. அக்கா வாயைத் திறப்பதற்குள் நியூட்ரல் கியரைக் குறைத்து, ஓரம் ஒதுங்கி, லாரிக்கு வழிவிட்டு, அலுங்காமல் மறுபடி எடுத்துவிட்டார். திறந்த வாயை அக்கா மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கும் சேர்த்து மயக்கமோ என்று நியூட்ரல் பயந்துபோய்த் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம்.

குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியதும் மருந்துக்கடைக்காரர் கண் விழித்தார். "உங்க நடையைக் கெடுத்துட்டேனேம்மா. பரவால்ல, ஒரு உசிருக்காக வண்டி ஏறினா சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார்.

"சாமி சொல்லாதுண்ணே. எனக்குத்தான் தூக்கம் வராது" என்றார் அக்கா. வெளியே வந்து, "தம்பி, ஏத்தின இடத்துலயே என்னை இறக்கி விடு" என்றார்.

பாலத்தருகே வேன் நின்றது. அக்கா எட்டிப் பார்த்தார். "இங்க இல்ல. இன்னும் கொஞ்சம் பின்னாடி."

"ரெண்டு அடி வித்தியாசம்தான் அக்கா!"

"பின்னாடி எடு. ஒடிக்காத. கண்ணாடியைப் பாரு. இன்னும்... இன்னும்... போதும்!" அன்றைக்கு நியூட்ரல் எடுத்த ரிவர்ஸில் மூன்று குறை சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். மூட்டைகளோடு நியூட்ரலும் அவர்களைப் பிடிக்கப் போனார். அக்கா தனியாக நொண்டி நொண்டி நடந்து, வழியில் இருந்த சத்திரத்தில் தங்கினார். போனில் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் "உம்" கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

காலையில் சத்திரத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் கணவர் உட்கார்ந்திருந்தார். வீட்டுச் செருப்போடு.

"நீங்க எதுக்குங்க வந்தீங்க?"

"உடம்பு இளைக்கறதுக்காகப் போறவ, விட்ட இடத்துக்கே திரும்பிப் போய் நடப்பாளா? நிஜத்தைச் சொல்லு."

அக்கா ஷூவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்களை ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனாங்கல்ல, அப்ப வாய்ல வந்துடுச்சு. நல்லபடியா வெளிய வந்தா நடந்தே வர்றேன்னு."

கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பஸ்ல வர்றேன்னு வேண்டியிருக்கலாம்ல?"

"அந்தப் பதட்டத்துல பஸ் ஞாபகம் வரலைங்க."

இருவரும் நடந்தார்கள். கணவர் மூச்சு வாங்க நிற்பார். கேட்டால், "உன் கால் வலிக்குமேன்னு நின்னேன்" என்பார். அக்கா குதிகாலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "உங்களுக்கு இரைக்குமேன்னுதான்" என்பார். இப்படி ஒருவருக்கொருவர் இரக்கப்பட்டே மலை ஏறி முடித்தார்கள். கூட்டம் கும்பிட்டுக் கீழே இறங்கிவிட்டிருந்தது. சந்நிதியில் ஆளே இல்லை. அக்கா கையைக் குவித்து வெகுநேரம் அசையாமல் நின்றார். கன்னம் நனைந்திருந்தது.

வெளியே படியில் உட்கார்ந்ததும் கணவர் கேட்டார். "இவ்வளவு நேரம் அப்படி என்ன வேண்டிக்கிட்ட?"

"ஒண்ணுமே வேண்டலைங்க. வாயைத் திறக்கவே பயமா இருந்துச்சு."

கணவர் சிரித்த சிரிப்பில் பூசாரி எட்டிப் பார்த்தார். வெயில் தாழ்ந்த பிறகும் இருவரும் அதே படியில் இருந்தார்கள். பக்தி என்று பூசாரி நினைத்திருப்பார். உண்மையில் இரண்டு பேராலும் எழுந்திருக்க முடியவில்லை.