பூனைக்கு டயட் கூடாதாம்

அம்பத்தூர்ல புதுசா குடிபோன ஊட்டு பரண்ல, யாரோ வுட்டுட்டுப் போன பழங்காலத்து எறும்பு பவுடர் டப்பா இருந்துச்சு. எங்க பூனை அதைத் தள்ளிவுட்டு, அதுல பொரண்டு, உடம்பையும் நக்கிகிச்சு. கொஞ்ச நேரத்துல மீசை துடிக்குது, நாலு காலும் ஆளுக்கொரு தாளம் போடுது. பொண்டாட்டி அழுதுகினே அதைத் துண்டுல சுத்தினா. நான் லுங்கியோட ஆட்டோல ஏறிட்டேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா ஊசி போட்டு, சோப்புத் தண்ணில கழுவினாங்க.

"பொழைக்குமா மேடம்?"

"அந்தப் பவுடரு குளோரின் கலந்த பூச்சி மருந்து சார். நரம்புல சுவிட்ச் போட்டா ஆஃப் ஆகாது, அதான் உதறுது. மிச்ச வெஷம் கொழுப்புல போய் தங்கிடும். பட்டினி போட்டீங்கன்னா கொழுப்பு கரைஞ்சு மறுபடி ரத்தத்துல கலக்கும். உதறல் நின்னதும் நல்லா சாப்பிட வைங்க."

சாயங்காலம் உதறல் நின்னுச்சு. பூனை என்னைப் பாத்து மொறைச்சுது. சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியல. ஊட்டுக்கு வந்ததும் தொப்பையத் தட்டிக்காட்டி, "இன்னா சொன்னாங்க, கேட்டல்ல? கொழுப்பைக் கரைச்சா ஆபத்து. எடு பூரியை"ன்னேன்.

"நீ எந்த டப்பாவ நக்கின?"ன்னா அவ.

மத்தி மீன் மொத்தமும் பூனைக்குப் போச்சு. எனக்கு வழக்கம்போல ஓட்ஸ் கஞ்சி.