உங்க பையைக் காட்டுங்க

செங்கம் ரோட்டில் ஒரு தங்கும் விடுதியில் மூன்று வருடம் ரிசப்ஷனில் வேலை பார்த்தேன். நாற்பது அறைகள். ஆசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள்தான் அதிகம். எங்கள் குடும்பம் அடி அண்ணாமலையில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிரிடுகிற குடும்பம். பி.காம் முடித்து, ஏ.சி. ஓடுகிற இடத்தில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது. அதனால்தான் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு ஜெர்மன்காரம்மா தன் வாட்சைக் காணோம் என்று சொன்னதில் எல்லாம் ஆரம்பித்தது. அறைகளைச் சுத்தம் செய்கிற ஆறு பெண்களையும் வரிசையில் நிற்க வைத்து மேனேஜர் விசாரித்தார். இரண்டு நாள் கழித்து, வாட்ச் தன் பெட்டியிலேயே ஒரு ஷூவுக்குள் இருந்தது என்று அந்தம்மா வந்து வெட்கத்தோடு சொன்னார். “நோ ப்ராப்ளம் மேடம்” என்று மேனேஜர் சிரித்தார். அந்த ஆறு பேரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அன்று ஆரம்பித்த சோதனை மட்டும் நிற்கவே இல்லை.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பின்பக்க கேட்டில் அவர்கள் பையைத் திறந்து காட்ட வேண்டும். பார்ப்பது என் வேலை. “பொம்பளைங்க பையைப் பொம்பளை பாத்தாதான்மா மரியாதை” என்றார் மேனேஜர். நானும் அதை நம்பினேன். டிபன் பாக்ஸ், ஈரப்புடவை, மாத்திரை அட்டை, பையனுக்குத் தைக்க எடுத்துப்போகிற கிழிந்த யூனிஃபார்ம் என்று யார் பையில் என்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அதே கேட் வழியாகச் சமையல்காரர்களும் டிரைவர்களும் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் போவார்கள். அவர்களை யாரும் நிறுத்தியதில்லை. மூன்றாவது மாடியைப் பார்த்துக்கொண்ட அக்கா மட்டும் பையைத் திறந்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார். நான் சட்டென்று “சரி, போங்க” என்று சொல்லிவிடுவேன்.

ஒரு பௌர்ணமி நாள். கிரிவலக் கூட்டத்துக்காகப் பின்பக்கத் தெருவை அடைத்துவிட்டார்கள். வேலை முடிந்த பெண்கள் முன்பக்கமாகத்தான் போக வேண்டும். ஹாலில் பெட்டியும் கையுமாக இருபது பேராவது நின்றிருந்தார்கள். நான் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு ரூம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கை ஒழியவில்லை என்றதும் மேனேஜரே இறங்கிவிட்டார்.

“ஏய், இங்க வா.”

இரண்டாவது மாடிப் பெண்ணைக் கூப்பிட்டார். ஆறு பேரில் அவள்தான் சின்னவள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் பையை வாங்கி என் மேசைமேல் அப்படியே கவிழ்த்தார். டிபன் பாக்ஸ், சீப்பு, வீட்டுச்சாவி, அதோடு பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். அதைப் பிரித்தார். நாப்கின்.

“இதைப் போயி இன்னாத்துக்கு இப்படிச் சுத்தி வெச்சிக்கினு கீற? நான் வெடிகுண்டுனு பாத்தேன்” என்று சொல்லி ஹாலைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் அசையவில்லை. மேனேஜரின் கை இன்னும் அந்தப் பொட்டலத்தின்மேல்தான் இருந்தது.

“சார், கைய எடுங்க.”

சொன்னது நான்தான். அந்தக் குடும்பத்தின் ஆதார் கார்டுகள் இன்னும் என் கையில் இருந்தன.

“என்னது?”

“கைய எடுங்கனு சொன்னேன். உங்க பை எங்க? அதக் கொண்டாங்க. முதல்ல உங்க பையைக் காட்டுங்க, நான் பாக்கறேன். தினமும் பாக்கறது என் வேலைதானே?”

“கெஸ்ட் இருக்காங்க. வாய மூடும்மா.”

“கெஸ்ட் இருக்கும்போதுதான சார் நீங்க கொட்டினீங்க?”

மூன்றாவது மாடி அக்கா முன்னால் வந்து, தன் பையைத் திறக்காமல் தரையில் வைத்தார். “பாப்பா சொல்றது சரிதான். ஆம்பளைங்க பையெல்லாம் வரட்டும். அப்புறம் என்னுதைத் தொறக்கறேன்.” மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராகத் தங்கள் பையை அதன் பக்கத்தில் வைத்தார்கள்.

“நாளைலேர்ந்து ஒருத்தியும் வேலைக்கு வரவேணாம்” என்று மேனேஜர் கத்தினார்.

“சரி. நாளைக்கு நாப்பது ரூம் இருக்கு. நீங்களே பெருக்கித் தொடச்சிக்கோங்க” என்றார் அக்கா.

ஹாலில் யாரோ சிரித்தார்கள். இந்த முறை அவரைப் பார்த்து. அதற்குள் சின்னவள் தன் பொருள்களை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்குப் பயமே இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் யாரும் துடைப்பத்தைத் தொடவில்லை. முதலாளி வந்தார். “யாராவது ஒருத்தர் உள்ள வாங்க, பேசிக்கலாம்.”

“ஆறு பேரும்தான் வருவோம்” என்றார் அக்கா. சின்னவள் அன்று வரவில்லை; மீதி ஐந்து பேரும் நானும் போனோம்.

நாங்கள் கேட்டது இரண்டுதான். சோதனை என்றால் எல்லோருக்கும் சோதனை, இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். இனிமேல் ‘ஏய்’, ‘வாடி’ எதுவும் கூடாது. வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும். முதலாவதற்கு முதலாளி உடனே சரி என்றார். இரண்டாவதுக்குத்தான் தயங்கினார்.

“அவர் பேச்சே அப்படித்தாம்மா. பழக்கமாயிடுச்சி.”

“வெளிநாட்டுக்காரங்ககிட்ட மரியாதையாத்தான பேசறாரு? எங்ககிட்டயும் பழகிக்கட்டும் சார்” என்றேன்.

அன்று சாயங்காலம் முதலில் வந்தது மேனேஜரின் பை. நான்தான் பார்த்தேன். சாப்பாட்டு டப்பா, பிரஷர் மாத்திரை, ஒரு கைக்குட்டை. நான்கு நாள் சமையல்காரர்களும் டிரைவர்களும் முணுமுணுத்தபடி பையைக் காட்டினார்கள். ஐந்தாம் நாள் யாரும் யாரையும் நிறுத்தவில்லை.

ஆனால் சின்னவள் அதற்குப் பிறகும் வரவில்லை. அவள் கணவர் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்காலில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்வாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்துத்தான் போனேன்.

தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். “அன்னிக்கு நீங்க பேசினது நல்லதுதாங்க்கா. ஆனா எட்டு மாசம் என் பைய நீங்களும்தான பாத்தீங்க?”

பொம்பளை பார்த்தால் மரியாதை என்று நான் நம்பியதையெல்லாம் அவளிடம் சொல்லவா முடியும்? கடைசியில், “ஆமா, பாத்தேன். தப்புதான்” என்றேன்.

அவள் காலி டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். பிறகு, “வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்” என்றாள்.

அடுத்த வாரம், காலை ஒன்பது மணிக்கு, முன்வாசல் வழியாகவே வந்தாள். முதலாளியும் மேனேஜரும் அப்போது அங்கேதான் இருந்தார்கள். என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, “வேலைக்கு வரேன் சார். ஆனா இவரு எங்கிட்ட மன்னிப்பு கேக்கணும். இதே எடத்துல” என்றாள்.

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “சாரிம்மா” என்றார்.

“என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

ஹாலில் நான்கைந்து பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் காத்திருந்தாள். மேனேஜர் மெல்லத் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, “தப்பா நடந்துக்கிட்டேன். மன்னிச்சிடுங்க” என்றார்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு, இரண்டாவது மாடிச் சாவிக்கொத்துக்காக என்னிடம் கையை நீட்டினாள்.