பாய் குடித்த டீ

போன வாரம் ஆட்டோவில் போகும்போது டயர் பஞ்சர். ஒட்டுப் போடும் கடையில் நின்றபோது சொல்யூஷன் வாசனை வந்தது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். அதை முகர்ந்தால் காசிம் பாய் ஞாபகம் வந்துவிடும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். கேட்டுக்கு எதிரே பாயின் சைக்கிள் கடை. தொழிலாளிக்கும் மேஸ்திரிக்கும் தகராறு வந்தால், புகார் ஆபீஸுக்குப் போகுமுன் இருவரும் பாயிடம் போவார்கள். அவர் கம்பெனி ஆளும் இல்லை, யூனியன் ஆளும் இல்லை. அவர் சொன்னால் இரண்டு பக்கமும் கேட்கும். விசாரித்து முடிக்கும்வரை கம்பெனி ஆட்களிடம் பீடிக்கு நெருப்புக்கூட வாங்கமாட்டார். இதெல்லாம் கொஞ்சம் அதிகப்படி என்று நினைப்பேன். அந்த வயதில் எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

ஏழுமலை அங்கே மூட்டை தூக்குகிறவன். தினமும் ராயபுரத்திலிருந்து என்னை சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்து வருவான். (எனக்கு இன்றுவரை சைக்கிள் விடத் தெரியாது.) அவன் கைநீட்டிவிட்டதாக மேஸ்திரி புகார் சொன்னார். சட்டையைப் பிடித்த கையைத் தட்டிவிட்டேன், அவ்வளவுதான் என்றான் இவன். வேலை போய்விடும் நிலைமை. வீட்டில் மூன்று குழந்தைகள். “பாய் வெசாரிச்சா உண்மை வந்துரும் சார்” என்று தைரியமாக இருந்தான். பாயும் மறுநாள் வரச் சொல்லியிருந்தார்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் பாயைப் பார்த்தேன். அவர் டீக்கும் சேர்த்து நானே காசு கொடுத்தேன். ஒரு மரியாதைதான். மனதின் ஓரத்தில் ஏழுமலையும் இருந்தான், மறைப்பானேன். பாய் நீட்டிய காசைக் கடைக்காரர் வாங்காமல் என்னைக் காட்டினார். பாயின் முகம் மாறிவிட்டது.

“இன்னா சார் நீ, இப்டி பண்ட்ட?”

“யாரும் பாக்கல பாய். வேணும்னா காசைத் திருப்பிக் குடுத்துடுங்க.”

“காசு திரும்பும். டீ உள்ள பூட்ச்சே. நாளிக்கு ஏழுமலை பக்கம் சொன்னேன்னு வையி, நாயமா சொன்னனா, உன் டீக்கு சொன்னனான்னு எனக்கே தெரியாது.”

மறுநாள் “நான் இதுல இல்ல” என்று மட்டும் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. புகார் ஆபீஸுக்கு வந்தது. ஆபீஸ் மேஸ்திரியை நம்பியது. வேலைநீக்க உத்தரவை டைப் அடித்தவன் நான்தான். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அன்றும் ஏழுமலை என்னைக் கேரியரில் ஏற்றிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

“பாய் இன்னாத்துக்கு ஒதுங்கிக்கினாரு? உனக்குத் தெரியுமா சார்?”

“தெரியாதுப்பா” என்றேன், அவன் முதுகைப் பார்த்து.

பிறகு அவன் குடும்பத்தோடு மீஞ்சூர் பக்கம் போய்விட்டான். இப்போது கம்பெனி இல்லை. பாய் கடை இருந்த இடத்தில் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பாய் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாயிற்று. ஏழுமலையும் போய்விட்டான் என்று போன வருடம்தான் கேள்விப்பட்டேன். வெட்கமாக இருக்கிறது. இப்போது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன். கேட்பதற்கு அவன்தான் இல்லை.