பாதிக் கட்டண மதியங்கள்

மைசூர் ஹெப்பாளில் நான் தங்கியிருந்த பெண்கள் விடுதிக்கு எதிரிலேயே ஒரு ஜிம் இருந்தது. கண்ணாடிச் சுவர், ஏ.சி., உள்ளே போகிறவர்கள் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. மாதக் கணக்கு கிடையாது, வருடத்துக்கு மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு வருடம் தேவைப்படவில்லை. கோடை முடிவதற்குள் எட்டு மீட்டர் உயரமுள்ள ஒரு சிமெண்ட் மின்கம்பத்தில் ஏறுகிற அளவுக்குக் கை வலுத்தால் போதும்.

நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள். தொழிற்பேட்டையில் கன்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தத்தை அவ்வப்போது புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் விடுவார்கள். அந்த வருடம் அரசு மின்சாரத் துறையில் லைன் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மதிப்பெண் பட்டியலில் நான் இருந்தேன். மீதி இருந்தது உடல் தகுதித் தேர்வு. ஓட்டம், ஸ்கிப்பிங், குண்டு எறிதல் எல்லாம் உண்டு, ஆனால் முதலில் கம்பம். அதன் உச்சியைத் தொடாதவர்களை மற்ற எதற்கும் கூப்பிடமாட்டார்கள். அடுத்த அறிவிப்பு வருவதற்குள் எனக்கு வயது வரம்பு கடந்துவிடும். நிரந்தர வேலை என்று ஒன்று எனக்குக் கிடைப்பதாக இருந்தால் அது இந்தக் கம்பத்தின் உச்சியில்தான் இருந்தது.

பழைய கம்பம் நட்டு ஏறச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையங்கள் உண்டு. அவற்றின் கட்டணம் என் சம்பளத்தைவிட அதிகம். ஆகவே ஜிம் என்று முடிவு செய்தேன். என் அறைத் தோழி ஹனூர்ப் பக்கத்துக்காரி, என்னைவிட மூத்தவள், அதே தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு இது சிரிப்பாக இருந்தது.

“கம்பம் ஏறறதுக்கு எதுக்கு புள்ள ஜிம்மு? அங்க கம்பமா நட்டு வெச்சிருக்கறாங்க?”

“கை வலு வேணுமில்லக்கா.”

“நம்மூருல காட்டுக்குக் காடு கரண்ட்டுக் கம்பம் நிக்குது. ஒண்ணுல ஏறிப் பாக்கறது.”

“ஏறலாம். எறங்கறதுக்குத்தான் ஆளு இருக்காது. அதுல கரண்ட்டு ஓடுதுக்கா.”

“ஓ, படிச்ச புள்ள,” என்றாள். “அதான் பயம்.”

பெண்களுக்கு அரசு பஸ் இலவசம் என்பதால் தூரம் ஒரு பொருட்டல்ல. முதல் ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொரு ஜிம்மாக ஏறி இறங்கினேன். நகரின் நடுவே அக்ரஹாரம் என்ற பகுதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், கடைசியாக ஒன்று அகப்பட்டது. நடத்துகிறவர் ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். பெரிய உடம்பு, சின்னக் குரல், கன்னடம் கலந்த தமிழ். கட்டணத்தைக் கேட்டுவிட்டு நான் படியைப் பார்த்துத் திரும்பினேன்.

“இருங்க மேடம். மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் இங்க யாரும் வர்றதில்ல. அந்த டைம் வந்தா பாதி கொடுங்க. ஆனா ஃபேன் போடக் கூடாது. டிரெட்மில் கூடாது. அப்புறம் அது நான் தூங்கற டைம், என்னை எழுப்பக் கூடாது. பரவாகில்லவா?”

“பரவாகில்ல அண்ணா. யாராவது சொல்லிக் கொடுப்பாங்களா?”

“அது முழு ஃபீஸ் கட்டறவங்களுக்கு.”

அப்படித்தான் கற்றுக்கொண்டேன். போனில் வீடியோ பார்ப்பேன், பார்த்ததைச் செய்வேன், எங்கே வலிக்கிறதோ அதுதான் வேலை செய்யும் தசை என்று எடுத்துக்கொள்வேன். கையுறைக்குப் பதில் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பருத்தி உறை. புரோட்டீன் பவுடருக்குப் பதில் ஊறவைத்த கடலை, கொள்ளு, பஸ் நிறுத்தத்துத் தள்ளுவண்டியில் அவித்த முட்டை. முட்டையைத் தெருவிலேயே தின்றுவிட வேண்டும், விடுதிக்குள் அனுமதியில்லை. மதியத்தில் அந்த மாடியின் தகரக் கூரை கொதிக்கும். அண்ணா பெஞ்சில் படுத்துக் குறட்டை விடுவார், நான் இரும்பை ஓசைப்படாமல் கீழே வைப்பேன். ஓசைப்படாமல் வைப்பதுதான் தூக்குவதைவிடக் கஷ்டம்.

கம்பத்துக்கு வேண்டியது உடம்பை மேலே இழுக்கும் வலு என்று கணக்கிட்டிருந்தேன். அதற்கென்று ஒரு மெஷின் இருந்தது. மேலே தொங்கும் நீண்ட கம்பியை உட்கார்ந்தபடி மார்புவரை இழுக்க வேண்டும். பின்னால் இரும்புப் பலகைகள் கயிற்றில் ஏறும். ஒவ்வொரு பலகையிலும் கிலோ எழுதியிருந்தது. பலகைகளைக் கூட்டிக்கொண்டே போனேன். என் உடல் எடை அளவுக்கான பலகையில், பாரத்தைப் பூட்டும் இரும்பு ஊசியைச் செருகி இழுத்த அன்று, கம்பி மார்பைத் தொட்டது. விடுதிக்குத் திரும்பியதும் தோழியிடம் சொன்னேன்.

“அப்ப உன்னைய நீயே தூக்கிட்ட?”

“கணக்குப்படி ஆமாக்கா.”

“கரண்ட்டு ஆபீஸ்ல சேந்ததும் என்னைய மறந்துறாத. எங்க வூட்டு மீட்டரு வேகமா ஓடுது.”

அந்தச் சில நாட்கள் நான் நடந்த நடையே வேறாக இருந்தது. சம்பளத்தில் எதை முதலில் செய்வது என்று வரிசைகூடப் போட்டேன்: அப்பாவின் கண் அறுவை சிகிச்சை, தனி அறை, ஒரு பழைய ஸ்கூட்டர்.

பிறகு ஒரு மதியம், கைக்கு ஓய்வு கொடுத்து அந்த மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினேன். கம்பி முழங்கையளவு இறங்கியது. பலகைகள் அதில் பாதிதான் ஏறின. மறுபடி செய்தேன். பாதி. எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கயிறு பலகைகளில் நேராகக் கட்டப்படவில்லை. பலகைகளின் தலையில் ஒரு சக்கரம். கயிறு அதைச் சுற்றித் திரும்பி மேல் சட்டத்தில் முடிந்திருந்தது. சக்கரம் பலகைகளோடு சேர்ந்து ஏறும். அப்படிக் கட்டினால் பாரத்தில் பாதியைச் சட்டம் தாங்கிக்கொள்ளும், மீதிப் பாதி மட்டுமே கைக்கு வரும். டிப்ளமோ முதல் பருவத்தில், கப்பி பற்றிய முதல் பாடத்தில் வருவது இது. மூன்று மாதமாக அதன் கீழேயே உட்கார்ந்து இழுத்திருக்கிறேன்.

அன்று நிபந்தனையை மீறி அண்ணாவை எழுப்பினேன். சக்கரத்தைக் காட்டினேன்.

“ஹௌதா? அப்படியா?” என்றார் கண்ணைக் கசக்கிக்கொண்டு. “வெல்டிங் ஷாப்ல செஞ்சது மேடம். ஸ்மூத்தா வரணும்னு சொன்னேன், அவன் சக்கரம் போட்டான்.”

“அப்ப பலகைல எழுதியிருக்கற கிலோ?”

“அது பலகையோட கிலோ. அது கரெக்ட்தான்.”

“கைக்குப் பாதிதான் வருது அண்ணா.”

அவர் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தார். “இத்தனை வருஷத்துல கம்ப்ளெயின்ட் பண்ணது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் சந்தோஷமா போட்டோ எடுத்துட்டுப் போறாங்க.” பிறகு, என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், “இன்னும் டைம் இருக்கு இல்லையா மேடம்?” என்றார்.

மூலையில் சுவரோடு பதித்த ஒரு வெறும் கம்பி இருந்தது. அதில் சக்கரம் எதுவும் இல்லை. போய்த் தொங்கினேன். உடம்பை மேலே இழுத்தேன். தோள் காதுவரை வந்தது, உடம்பு வரவில்லை. தேர்வுக்கு இருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு. அந்த மாதம் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் கம்பியில் மட்டுமே தொங்கினேன். ஸ்டூலில் ஏறி மோவாயைக் கம்பிக்கு மேலே வைத்து, முடிந்தவரை மெதுவாக இறங்குவேன். காலையில் பேனலுக்குள் முடுக்கும்போது ஸ்க்ரூ விரலிலிருந்து நழுவி விழும். கடைசி வாரத்தில் ஒரே ஒரு தடவை, காலை உதறி உடம்பை முறுக்கி, என் மோவாய் கம்பியைத் தாண்டியது. அண்ணா விழித்துத்தான் இருந்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

தேர்வு நடந்தது ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில். வரிசையாகக் கம்பங்கள், அடியில் மணல் மூட்டைகள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். என் முறை வந்ததும் கம்பத்தைப் பிடித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அது பிடிக்கிற பொருளே அல்ல. ஜிம்மின் கம்பி உள்ளங்கைக்குள் அடங்கும். கம்பத்தின் விளிம்பில் விரல் நுனி மட்டுமே பதிந்தது. கட்டிப்பிடித்து, பாதத்தால் உந்தி, முழங்காலால் இறுக்கி ஏற வேண்டும். என் பாதங்களை நான் பழக்கவே இல்லை. சிமெண்ட் வெயிலில் காய்ந்து சுட்டது.

ஏறினேன். பாதிக்கு மேலேயே ஏறினேன். மேலே கட்டியிருந்த சிவப்புத் துணி நன்றாகத் தெரிந்தது. கை இன்னும் இழுக்கத் தயாராக இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். பாதம்தான் வழுக்கியது. ஒருமுறை பிடித்துக்கொண்டேன். மறுமுறை கம்பத்தோடு உரசிக்கொண்டு கீழே வந்தேன்.

“ஆயித்தம்மா, அந்தப் பக்கம் போய் உட்காரு,” என்றார் பட்டியல் வைத்திருந்த அதிகாரி. ஆயித்து என்றால் முடிந்தது என்று அர்த்தம். கடுமையாகச் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் என்பது ஒரு கயிற்றுக்குப் பின்னால் இருந்த வேப்பமர நிழல். வாசல் ஒன்றே என்பதால் எங்கள் குழு முடியும்வரை வெளியே விடமாட்டார்களாம். எனக்கு முன்பே மூன்று பேர் அங்கே இருந்தார்கள். ஒருத்தி கொள்ளேகால்காரி, தமிழ் பேசினாள். முழங்காலில் இருந்த ரத்தத்தைத் துப்பட்டாவால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

“நீங்க எங்கீங்க பழகுனீங்க?” என்று கேட்டாள்.

“ஜிம்முல. கோச்சிங்குக்குக் கட்ட முடியல.”

“நான் கட்டுனனுங்க. அம்மா தோட்டை அடகு வெச்சுக் கட்டுனேன். அங்க பத்து தடவ ஏறியிருக்கறேன், உச்சி தொட்டிருக்கறேன்.” உச்சியைக் காட்டக் கையை உயர்த்தியவள், கம்பத்தைப் பார்த்துவிட்டு இறக்கினாள். “இன்னைக்கி உங்களுக்கும் கீழயே நின்னுட்டேன்.”

“என்னாச்சு?”

“என்னாச்சுன்னு தெரியலீங்க.”

நான்கு மாதமாக எனக்குள் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. முடியாமல் போனால் அது காசு இல்லாததால். பயிற்சி மையத்துக்குக் கட்ட முடிந்திருந்தால் ஏறியிருப்பேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதே அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அவளிடம் தோடும் இல்லை, வேலையும் இல்லை.

அடுத்த பெண்ணுக்கு விசில் ஊதினார்கள். நாங்கள் நால்வரும் நிமிர்ந்து பார்த்தோம். அவள் நான் வழுக்கிய இடத்தைத் தாண்டிப் போனாள். கொள்ளேகால்காரி, “கால இறுக்கு, கால இறுக்கு,” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் துணியைத் தொட்டாள். அதிகாரி பட்டியலில் குறித்துக்கொண்டு அவளை ஓட்டப் பாதையின் பக்கம் அனுப்பினார். எங்கள் பக்கம் அவள் வரவில்லை.

“தண்ணி இருக்குதுங்களா?” என்றாள் கொள்ளேகால்காரி.

பாட்டிலைக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியை முழங்காலில் ஊற்றிக்கொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வரிசையில் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள்.